மலிவுத் திரையும் மனித மாண்பும்

பொருளின்மை கலைக்குப் பகையன்று. இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா, 1965-இல் வெளிவந்த விண்வெளித் திகில் படம் ஒன்றில் வேற்றுக்கோளைக் காட்ட வேண்டியிருந்தது. கையில் இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் பாறைகளே என்று பின்னாளில் அவரே கூறினார். கண்ணாடிகளால் அவற்றைப் பலவாக்கி, புகை பரப்பி, வண்ண ஒளி பாய்ச்சி ஒரு கோளையே எழுப்பினார். ஐரோப்பிய மலிவுப் படங்களை இன்றும் பலர் தேடிப் பார்ப்பதற்கு இத்தகைய கைத்திறனே முதற்காரணம்.

ஆயினும் அந்நிலத்தில் வேறொரு பயிரும் விளைந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கிய ஸ்பெயினின் ஹெசூஸ் பிராங்கோவின் பல படங்களில் கதை நின்றுவிடும். ஒளிப்படக்கருவி மட்டும் உடலை நோக்கி நெருங்கும். பாறை வாங்கவும் பணமில்லாத இடத்தில் பெண்ணின் உடலே அரங்கமாயிற்று.

நம் அண்டை மாநிலமும் இதனை அறியும். 1988-இல் பி. சந்திரகுமார் மலையாளத்தில் இயக்கிய 'ஆதிபாபம்' ஏதேன் தோட்டத்துக் கதையையே போர்வையாகக் கொண்டது. 2000-இல் ஷகீலா நடித்து வெளிவந்த 'கின்னாரத்தும்பிகள்' சிறு முதலில் பெருவருவாய் ஈட்டியது. இவ்வகைப் படங்கள் தமிழகத்திலும் ஓடின. பொன்னேரி வட்டாரத்துச் சுவர்களும் அச்சுவரொட்டிகளை அறியும்.

அவற்றைக் காணச் சென்ற மீனவ இளைஞரைப் பழிப்பது எளிது. ஆனால், உடலைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் வீடும் பள்ளியும் ஆலயமும் வாய்திறவாதபோது, அந்த இருட்டரங்கு மட்டுமே அவர்களிடம் பேசியது என்பதை நாம் மறத்தலாகாது. அது பேசியது பொய். அங்கே பெண் விரும்புகிறவளாகத் தோன்றினாள். உண்மையில் பிறர் விருப்பத்திற்கு வளைக்கப்பட்டாள். தணிக்கைக்குப் பின் தொடர்பற்ற துண்டுக்காட்சிகளைத் திரையரங்குகள் ஒட்டிக் காட்டியதும் உண்டு. எவளோ ஒருத்தியின் உடல், வேறொருத்தியின் பெயரில் விலைபோயிற்று.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடுவது என்பதை ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். நீர் பொது, உழைப்பவனுக்கு அதில் உரிமை உண்டு. இத்திரைத் தொழிலிலோ 'பாடு' என்னும் சொல்லின் மற்றப் பொருளே நடிகைக்கு வாய்த்தது. நாயகரின் துணையின்றித் தன் பெயராலேயே அரங்குகளை நிறைத்த ஷகீலாவுக்கும் புகழோடு இகழ்ச்சியே சேர்ந்தது. முதலிட்டவர் பெயரை எவரும் நினைவில் வைத்திலர்.

'ஆதிபாபம்' எந்த நூலின் கதையை எடுத்தாண்டதோ, அந்தத் தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரம் ஆடையின்மையோடு முடியவில்லை. வெட்கி ஒளிந்த இருவருக்கும் இறைவன் தாமே ஆடை செய்து உடுத்துகிறார். தவறியவரை அவர் காட்சிப்பொருள் ஆக்கவில்லை. இரண்டு பாறைகளால் ஓர் உலகைப் படைத்த ஏழைக் கலைஞனை நாம் மனமாரப் பாராட்டுவோம். மலிவுப் படம் எதுவாயினும், இல்லாத பணத்திற்கு ஈடாக அதில் எவர் வைக்கப்பட்டார் என்று கேட்டபின்பே அதனை மதிப்பிடுவோம்.