விடுபட்ட இயல்: ஷ்ரேபர் நினைவுக்குறிப்புகளில் உளக்காயமும் உளப்பிறழ்வும்

உளப்பிறழ்வுற்ற ஒருவர் தம் நிலையைத் தாமே எழுதிய நூல்களுள் மிகுதியாக ஆராயப்பட்டது, ஜெர்மானிய நீதிபதி டேனியல் பால் ஷ்ரேபர் 1903இல் வெளியிட்ட 'ஒரு நரம்பு நோயாளியின் நினைவுக்குறிப்புகள்'. 1893இல் டிரெஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உயர்பதவி ஏற்ற சில வாரங்களில் அவர் நோயுற்றார். கடவுளின் கதிர்கள் தம் உடலைத் தாக்குவதாகவும், தாம் பெண்ணாக மாற்றப்படுவதாகவும், தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் பிளெக்சிக் 'ஆன்மக் கொலை'யில் தொடர்புடையவர் என்றும் நம்பினார்.

ஷ்ரேபரை நேரில் காணாமலேயே நூலை மட்டும் கொண்டு எழுதிய பிராய்டு (1911), இந்நம்பிக்கைகளின் வேரைத் தந்தை மீதான விழைவில் கண்டார். தந்தை மோரிட்ஸ் ஷ்ரேபர் குழந்தை வளர்ப்பு நூல்களால் புகழ்பெற்ற மருத்துவர்; குழந்தைகளை நிமிர்ந்து உட்காரச் செய்யும் கருவிகளை வடிவமைத்தவர். 1950களின் இறுதியில் நீடர்லாண்டு இக்கருவிகளை மகனின் வரிகளுடன் ஒப்பிட்டார். நெஞ்சு நெருக்கப்படுதல், தலை இறுக்கப்படுதல் ஆகிய 'அற்புதங்கள்' மார்புப்பட்டையையும் தலைவாரையும் நினைவூட்டின. ஷாட்ஸ்மன் 1973இல் இதை மேலும் நீட்டி, மகனின் நோய் தந்தையின் கொடுமையால் விளைந்தது என்றார். பிராய்டு விழைவைக் கண்ட இடத்தில் இவ்விருவரும் வன்முறையைக் கண்டது பெரிய திருப்பமே. பிதற்றல் என ஒதுக்கப்பட்ட சொற்கள் சாட்சியமாக மதிப்புப் பெற்றன.

ஆயினும் இவ்வாசிப்பில் ஒரு தாவல் உண்டு. அக்கருவிகளால் மகன் வதையுண்டார் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை என்பதைப் பின்னர் இஸ்ராயெல்ஸ், லோத்தானே ஆகியோர் சுட்டினர். அச்சான நூலில் ஷ்ரேபர் அவற்றைப் பற்றி எதுவும் கூறவில்லை. குடும்பத்தினர் பற்றிய மூன்றாம் இயலோ, வெளியிடத் தகாதது என அச்சிலிருந்தே நீக்கப்பட்டது. ஏடு சிதைந்த இடத்தில் புள்ளியிட்டுச் செல்வது பதிப்பாசிரியரின் நேர்மை. ஷாட்ஸ்மனின் வாசிப்பு அவ்விடத்தைத் தானே எழுதி நிரப்பிக்கொள்கிறது. குழந்தைப்பருவத் துன்பத்துக்கும் உளப்பிறழ்வுக்கும் தொடர்புண்டு என்பதில் இன்று பெரிய ஐயமில்லை. 2012இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அத்துன்பத்துக்கு ஆளானோரிடம் உளப்பிறழ்வுக்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 2.8 மடங்கு எனக் கணக்கிட்டது. ஆனால் அது மக்கள்தொகுதி பற்றிய கூற்று. ஒரு தனிமனிதரின் குறிப்பிட்ட நம்பிக்கை எந்த நிகழ்விலிருந்து முளைத்தது என்பதை அவ்வெண் காட்டாது.

அச்சில் எஞ்சியிருக்கும் மற்றொரு காயம் இவ்விவாதத்தில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. சொன்னென்ஸ்டைன் காப்பகத்தில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் இரவுதோறும் கொந்தளிப்புள்ள நோயாளிகளுக்கான அறையில் அடைக்கப்பட்டதையும், பணியாளரின் முரட்டுக் கையாளுகையையும் ஷ்ரேபர் விரிவாகவே எழுதுகிறார். இவற்றுக்குக் குறியீட்டு விளக்கம் தேவையில்லை. காயத்தை நோய்க்கு முன்னே மட்டும் தேடுவோர், நோய்க்குள்ளும் சிகிச்சைக்குள்ளும் அது தொடர்ந்து நிகழ்வதைக் காணத் தவறுகின்றனர். பிளெக்சிக் மீதான குற்றச்சாட்டையும் தந்தையைச் சுட்டும் மாற்றுப்பெயராக மட்டும் கொள்ளாமல், மருத்துவரைப் பற்றிய கூற்றாகவும் முதலில் வாசித்தல் வேண்டும்.

தம் சட்ட உரிமைகளை மீட்க ஷ்ரேபர் தாமே வழக்காடி 1902இல் வென்றார். அவ்வழக்கில் நினைவுக்குறிப்புகளின் கையெழுத்துப்படியும் நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தது. அவர் நோயுற்றவர் என்பதை ஏற்றுக்கொண்டே, தம் காரியங்களைத் தாமே நடத்தவல்லவர் எனத் தீர்ப்பளித்தனர் நீதிபதிகள்.