பழைய கேமராவுக்கு ஒரு முழங்கை

பழைய ஃபிலிம் கேமராவுக்கு ஆங்கிள் ஃபைண்டர் தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது அது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதை, அடுத்தது விலையை. இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, பிம்பம் இடவலம் மாறாமல் தெரிகிறதா என்பதுதான். முழங்கைபோல் மடிந்த இந்தச் சின்னக் குழாயை வியூஃபைண்டரில் பொருத்தினால், தரையோடு தரையாக வைத்த கேமராவுக்குள் மேலிருந்தே பார்க்கலாம். ஒளியை மடக்க உள்ளே ஒரு கண்ணாடியோ பட்டகமோ வேண்டும். பிரதிபலிப்புகள் ஒற்றைப்படையில் அமைந்தால் இடம் வலமாகும். இரட்டைப்படை என்றால் நேராக வரும். 1976இல் வந்த கேனன் ஏஇ-1 கேமராவுக்கு அந்த நிறுவனமே இரண்டு வகையும் வைத்திருந்தது. ஏ2 மாற்றிக் காட்டும், பி நேராகக் காட்டும்.

ரோலிஃப்ளெக்ஸ் கேமராக்காரர்கள் மாறிய பிம்பத்தை வைத்துக்கொண்டுதானே அவ்வளவு நல்ல படங்களை எடுத்தார்கள் என்று கேட்கலாம். எடுத்தார்கள், ஆனால் அவர்கள் கைக்கு அந்த ஒரு பழக்கம் மட்டுமே. எஸ்எல்ஆர் வைத்திருப்பவரோ ஃபைண்டரைக் கழற்றினால் நேர்ப் பிம்பம், மாட்டினால் மாறிய பிம்பம் என்று தாவ வேண்டும். புல்லில் ஒரு வண்டு வலப்பக்கம் நகர்ந்தால் பிம்பத்தில் அது இடப்பக்கம் போகும். கை கேமராவைத் தவறான பக்கம் திருப்பும், வண்டு சட்டகத்தை விட்டே வெளியேறிவிடும். ட்ரைபாடில் நிறுத்தி அசையாத பொருளை எடுப்பவருக்கு ஏ2 தாராளமாகப் போதும்.

உருப்பெருக்கம் வீண் என்று சொல்லவில்லை. மிக நெருங்கி எடுக்கையில் ஒளி குறைந்து, ஃபோகஸ் பார்க்க நடுவில் உள்ள ஸ்ப்ளிட் இமேஜ் வட்டத்தின் ஒரு பாதி கறுத்துவிடும். அப்போது சொரசொரப்பான மேட் பரப்பில்தான் ஃபோகஸ் பார்க்க வேண்டும். ஒலிம்பஸ் ஓஎம் கேமராக்களுக்கான வாரிமேக்னி ஃபைண்டர் இங்கே அருமையான கருவி: 1.2 மடங்கில் முழுச் சட்டகத்தையும் பார்த்துக் கட்டமைக்கலாம், 2.5 மடங்குக்கு மாற்றி நடுப்பகுதியில் கூர்மையைச் சரிபார்க்கலாம். அதற்கு முன் டயாப்டர் வளையத்தைத் திருப்பி, மேட் பரப்பின் மணிமணியான சொரசொரப்பே தெளிவாகத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாதவருக்கு எத்தனை மடங்கும் பயன்படாது.

நிக்கான் எஃப்2 போன்றவற்றில் பிரிஸத்தையே கழற்றி இடுப்பளவு ஃபைண்டர் போடலாமே என்பார்கள். கிடைமட்டப் படத்துக்குச் சரி. கேமராவை நெடுக்காகத் திருப்பினால் பக்கவாட்டில் நின்று, தலைகீழ்ப் பிம்பத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆங்கிள் ஃபைண்டரோ அச்சில் சுழன்று கண்ணை மறுபடி மேலே கொண்டுவரும். பக்கவாட்டிலும் திரும்பும் என்பதால் 1930களில் ஓவியர் பென் ஷான் தன் லைக்கா கேமராவில் இதுபோன்ற ஒன்றைப் பூட்டி, வேறெங்கோ பார்ப்பவர்போல் நின்று நியூயார்க் தெரு மனிதர்களை எடுத்தார். அந்தத் தந்திரத்தில் எனக்கு அரைமனதுதான், படங்களில் அல்ல.

பழைய சரக்கு வாங்குகையில் கேமராவைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே கண்வில்லை அளவு மாறும்: நிக்கானின் எஃப்எம், எஃப்இ கேமராக்களில் ஏறும் டிஆர்-3, எஃப்3 ஹெச்பியில் ஏறாது, அதற்கு டிஆர்-4 வேண்டும். மாட்டியதும் எதிரே உள்ள கடைப் பலகையைப் பாருங்கள். எழுத்து சரளமாக வாசிக்க வந்து, மூலைகள் கறுக்காமல், உள்ளே பூஞ்சையும் இல்லையென்றால் பேரம் தொடங்கலாம்.