சாரலுக்கு அசராத ஒற்றைக்குழல்

சிரிக்காதீங்க. நட்டநடு ராத்திரி எழுந்து, பீரோவைத் திறந்து, துப்பாக்கிக் குழல் இன்னும் வெள்ளியாவே இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்தவன் நான். வீட்டுக்காரி அதுக்கப்புறம் என்னோட ஒரு வாரம் சரியாப் பேசலை. பேசாட்டா போறா, குழல்ல போட்ட குரோம் அப்படி!

பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல், அப்பா வச்சிருந்தது; பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸோட என் பேருக்கு மாறி வந்துச்சு. நமக்கு மணிமுத்தாறு. தலைக்கு மேலே மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துன்னு மழைக்குப் பேர்போன மலை, பக்கத்திலே 118 அடி அணை. காத்திலேயே தண்ணி இருக்கும். 2023 டிசம்பர் 17, 18-ல கொட்டின மழையை நம்ம ஜில்லா இன்னும் மறக்கலை. அந்த ஈரத்துக்கு அப்புறம் தோல் உறையைக் கழட்டிப் பார்த்தா, கருநீலமா மின்னின குழல் முழுக்கச் செம்புள்ளி. புளூயிங்னு சொல்றாங்களே, அதுவும் ஒரு வகை இரும்பு ஆக்சைடுதான், துருவுக்குப் பங்காளி! எண்ணெயைக் குடிச்சுக்கிட்டு இருக்கும்வரைக்கும்தான் காவல் காக்கும். ஒரு மழைக்காலம் எண்ணெய் விட மறந்தீங்கன்னா சொந்தக்காரன்கூடப் போய்ச் சேர்ந்துக்கும்.

ஹார்டு குரோம் போட்டுரலாம்னு ரிப்பேர் லைசென்ஸ் வச்சிருந்த டீலர் சொன்னார். ஸ்கூட்டர் பம்பர்ல போடுற அலங்கார குரோம்னு நினைச்சுக்கிட்டேன். "அண்ணாச்சி, அது வேற, இது வேற. அதுல நிக்கலுக்கு மேலே மெல்லிசா ஒரு பூச்சு. இது இரும்பு மேலேயே நேரா ஏறும். அரத்தை வச்சுத் தேச்சாலும் அரம்தான் வழுக்கும்"னார். ராக்வெல் கணக்குல 65-க்கு மேலே வரும் கடினம்! ஏகே-47 குழலுக்குள்ளே குரோம், நம்ம ராணுவத்து இன்சாஸ் குழலுக்குள்ளேயும் குரோம்னு அவர் அடுக்க அடுக்க எனக்கு வாய் மூடலை.

இப்போ நினைச்சுப் பாருங்க. பழைய நீலத்தை ஆசிட்ல உரிச்சு, குழலைப் பட்டுப்போல இழைச்சு, பொடி மணியை வேகமா ஊதி அடிச்சு மங்கல் பண்ணி (கண்ணைப் பறிக்கிற பளபளப்பு வேண்டாம்னுட்டேன், வெயில்ல கூசும்), துப்பாக்கி வாய்க்கு அடைப்பு போட்டு, செங்காவி நிறத்துல கொதிப்பும் ஆவியுமா இருக்கிற குரோமிக் அமிலத் தொட்டியில இறக்குறாங்க, ஐம்பது டிகிரிக்கு மேலே சூடு, சுத்தி ஈயத் தகடு, மின்சாரம் பாயுது, குழலைச் சுத்தி குமிழி குமிழியா நுரை கிளம்புது, நான் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்னு பிள்ளை பிறக்கப் போற வீட்டு வாசல்ல நிக்கிறவன் மாதிரி நகத்தைக் கடிச்சுக்கிட்டு, ஆச்சா ஆச்சான்னு கேட்டுக் கேட்டு அந்த மனுஷனோட பொறுமையைச் சோதிச்சு, கடைசியில வெளியே எடுத்துக் கழுவி, துணியால ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்க, நிலா வெளிச்சம் குழலா நீண்டு கிடந்த மாதிரி ஒரு சாம்பல் வெள்ளி! எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. "அழாதீங்க அண்ணாச்சி, இன்னும் அடுப்புல வைக்கணும்"னார். தொட்டியில கிளம்புற ஹைட்ரஜன் உள்ளே புகுந்தா இரும்பு நொறுங்கிப்போகுமாம், அதனால 190 டிகிரி அளவுல மணிக்கணக்கா சூடு வைக்கணும். அதே பயத்துல ஸ்பிரிங்குகளைத் தொட்டியில இறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியம், முற்றத்துல சாரல் விழுந்துகிட்டிருக்க, காலிக் குழலை நீட்டிப் பிடிச்சேன். துளி உருண்டு ஓடுது! சிறப்புக் காவல்படை 9-ஆம் அணியில ஹவில்தாரா இருந்து ரிட்டையர் ஆன பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்னவே, துப்பாக்கிய கையில வச்சுக்கிட்டு மழையில கூத்தாடுதீரு?"ன்னார். கையில வாங்கிப் பார்த்ததுக்கு அப்புறம் அவரும் கூத்துல சேர்ந்துட்டார்.

குறை? கீறல் இருந்த இடத்தை குரோம் மறைக்காது, அடியிலே எப்படியோ மேலேயும் அப்படியே. காசும் கொஞ்சம் கூடத்தான். போதும், மேலே கேக்காதீங்க.

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் பழைய துப்பாக்கி வச்சிருக்கிற அண்ணாச்சிமாரே, ஒண்ணே ஒண்ணு. பைக் சைலன்சருக்கு முலாம் போடுற பட்டறையில கொடுத்துராதீங்க. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேணும். வீட்டுல வாளி வச்சு முயற்சியும் வேண்டாம், அந்தக் குரோமிக் ஆவி புற்றுநோய் தரும். இழைக்கும்போது துப்பாக்கி நம்பர் அழியாமப் பார்த்துக்கோங்க, அழிஞ்சா அதுவும் குற்றம். அதோட, ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற தோல் உறையை இன்னிக்கே கழட்டி வீசுங்க.