கருவி வல்லுநராகுமா?

பூட்டிய கதவை மீண்டும் மீண்டும் இழுத்துப் பார்ப்பதும், தோல் உரியுமளவு கை கழுவுவதும் எண்ணச் சுழற்சி நோயின் குறிகளுட் சில. அச்சந்தரும் பொருளை எதிர்கொண்டு, வழக்கமாய்ச் செய்யும் செயலைச் செய்யாது பொறுத்துப் பழகுவது இதற்குச் சிறந்த பயிற்சி. இலண்டனில் விக்டர் மேயர் 1966இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகோலிற்று. இன்று கைப்பேசிச் செயலிகளும் இப்பயிற்சியைத் தர முன்வந்துள்ளன. அவை வல்லுநர்க்கு ஈடாகுமா?

தொலைபேசி வழியே கணினி நெறிப்படுத்தும் ‘பிடி ஸ்டெப்ஸ்’ என்னும் திட்டத்தை 218 நோயாளரிடம் ஆராய்ந்த முடிவு 2002இல் வெளிவந்தது. 40 புள்ளி கொண்ட அளவையில், நோயின் கடுமை சராசரியாக வல்லுநர் துணைபெற்றோர்க்கு 8.0, கணினியின் துணைபெற்றோர்க்கு 5.6, உடல் தளர்த்தும் பயிற்சி பெற்றோர்க்கு 1.7 புள்ளி குறைந்தது. ஆகவே, கருவி பயனற்றது என்பார் கூற்றும் பொருந்தாது. கருவியே போதும் என்பார் கூற்றும் பொருந்தாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. “எல்லாம் சரியே” என்னும் உறுதியை ஓயாது தேடுவது இந்நோயின் இயல்பு. கேட்டபோதெல்லாம் ஆறுதல் கூறும் கருவி, கதவை இழுத்துப் பார்க்கும் பழக்கத்தையே வேறு வடிவில் வளர்த்துவிடும். ஐயத்தோடு வாழக் கற்பிப்பதே நற்கருவி.

சிங்கப்பூரில் 2016இல் தொடங்கிய மனநல ஆய்வில், இந்நோய்க்குச் சிகிச்சை நாடுவதில் ஏற்பட்ட காலத்தாழ்வின் இடைநிலை அளவு 11 ஆண்டு எனக் கண்டனர். அக்காலத்தைக் குறைக்க உதவுமாயின் கருவியை வரவேற்கலாம். ஆயினும், வல்லுநரை நாடும் வழியை அதன் முதற்பக்கமே சொல்லுதல் வேண்டும்.