கேள்வியா, உபசரிப்பா?

பட்டாபிராமில் சாயங்கால டியூஷனுக்குப் போகும் பிள்ளையிடம் 'சம்', 'எனி' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். பதில் தயாராக இருக்கும்: உடன்பாட்டுக்குச் 'சம்', எதிர்மறைக்கும் கேள்விக்கும் 'எனி'. நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். இந்தச் சூத்திரத்தை முற்றாகத் தள்ள மாட்டேன். கோடிட்ட இடத்தை நிரப்பத் திணறும் பிள்ளைக்கு இது பிடிமானம். 'ஐ டோன்ட் ஹேவ் சம் மணி' என்று எழுதவிடாமல் காப்பதும் இதுதான்.

கோளாறு கேள்வியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவரிடம் 'வுட் யூ லைக் சம் காபி?' என்பதே ஆங்கில வழக்கு. கேள்விக்குறி இருந்தாலும் அது உபசரிப்பு. வாங்கிக்கொள்வார் என்று எதிர்பார்த்துக் கேட்பது. 'எனி காபி' என்றால் இலக்கணப் பிழையில்லை, ஆனால் ஒட்டாமல் விசாரித்த மாதிரி ஆகிவிடும். தாகத்துக்குக் கேட்கும்போதும் 'கேன் ஐ ஹேவ் சம் வாட்டர்?' தான். வாக்கியத்தின் உருவத்தை மட்டும் பார்க்கும் விதிக்குப் பேசுகிறவரின் மனம் தெரியாது. அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேகாஃப், இப்படியொரு 'சம்-எனி' விதி ஏன் இருக்க முடியாது என்று தலைப்பிலேயே அறிவித்து 'லாங்குவேஜ்' ஆய்விதழில் கட்டுரை எழுதியது 1969-இல்.

பேசுகிறவரின் எதிர்பார்ப்பை அறியும் அந்த மனக்கணக்கு நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் என் ஆதங்கம். 'பால் ஏதாவது மிச்சம் இருக்கா?', 'கொஞ்சம் பால் குடிக்கிறியா?' இந்த இரண்டையும் எந்த அம்மாவும் குழப்பிக்கொள்வதில்லை, கேட்கும் பிள்ளையும்தான். முன்னது 'எனி', பின்னது 'சம்'. இங்கிருந்து தொடங்கினால் பாடம் பாதி முடிந்தது. பாதிதான், ஏனென்றால் 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்பதில் வருவது அளவில்லை, பணிவு. அங்கே 'சம்' நுழையாது. 'எந்தப் பிள்ளையும் படிக்கலாம்' என்பது உடன்பாடு, ஆனாலும் அங்கே 'எனி' தான். தமிழை அப்படியே பெயர்த்தால் வேறு பள்ளத்தில் விழுவோம்.

இது வேலைக்கும் உதவும். 2024 நவம்பரில் இங்கே பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். அதுபோன்ற இடங்களில் நேர்காணல் முடிவில் 'டு யூ ஹேவ் எனி கொஸ்டின்ஸ்?' என்பார்கள், கேள்வி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்ற தொனியில். அங்கே உட்காரப்போகும் பிள்ளைக்குத் தேர்வுத்தாள் மட்டும் போதாது.

ஆசிரியர்களே, கரும்பலகையில் இருக்கும் சூத்திரத்தை அழிக்க வேண்டாம். அதன் கீழே ஒரு வரி சேருங்கள்: கொடுக்கக் கேட்டாலும் வாங்கக் கேட்டாலும் 'சம்'.