அச்சச் சுவையும் கணினி விளையாட்டும்

தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அது பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினை அவர் சுட்டுகின்றார். கதையிலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் ஆளப்பட்டு வந்த இச்சுவை இன்று கணினி விளையாட்டிலும் ஆளப்படுகின்றது. இளைஞர் கையில் அன்றாடம் புழங்கும் இப்புதுக் கலையை 'வீண் பொழுதுபோக்கு' என ஒதுக்குதல் எளிது. ஆயினும், ஆராயாது ஒதுக்குதல் திறனாய்வு ஆகாது.

கோர உருவத்தைத் திடீரெனக் காட்டி அலற வைப்பது அச்சச் சுவையன்று. அது வெறும் அதிர்ச்சி. அதிர்ச்சி நொடியில் மறையும். அச்சமோ நெஞ்சில் தங்கும். சூழலால் அச்சம் விளைவிக்கும் விளையாட்டுகளே கலை எனப் போற்றத்தக்கன. அவற்றுள் இரண்டினை ஈண்டு நோக்குதல் தகும்.

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1999இல் 'சைலன்ட் ஹில்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அந்நாளைய பிளேஸ்டேஷன் கருவிக்குத் தொலைவுக் காட்சிகளை விரித்துக் காட்டும் ஆற்றல் போதவில்லை. அக்குறையை மறைக்க, நகரெங்கும் மூடுபனியும் இருளும் பரப்பப்பட்டன. குறையே அணியாயிற்று! மேலும், தீய உருவம் நெருங்குங்கால் கதைமாந்தன் வைத்திருக்கும் சிறு வானொலி இரைகின்றது. கண் காணுமுன்பே செவி அஞ்சுகின்றது.

2001இல் வந்த இரண்டாம் பாகம் இதனினும் ஆழமானது. போலந்து நாட்டு நிறுவனமொன்று புதுக்கிய இதன் வடிவம் 2024இல் வெளிவந்தது. இறந்துபோன மனைவியிடமிருந்து மடல் வந்ததாக எண்ணி, ஜேம்ஸ் என்பான் அந்நகரை அடைகின்றான். அங்கு அவனைத் துரத்தும் உருவங்கள் புறத்தே அணங்குபோல் தோன்றினும், அவன் உள்ளத்துக் குற்றவுணர்வே அவ்வாறு வடிவு கொண்டது என்பது இறுதியிற் புலனாகின்றது.

மற்றொன்று, தைவானின் ரெட் கேண்டில் நிறுவனம் 2017இல் படைத்த 'டிடென்ஷன்'. தைவானில் 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டம் நிலவியது. அக்காலத்தில், 1960களில், மலைப்புறப் பள்ளியொன்றில் இக்கதை நிகழ்கின்றது. ஆசிரியர் சிலரும் மாணவர் சிலரும் தடைசெய்யப்பட்ட நூல்களை மறைவாகப் படிக்கின்றனர். ரே என்னும் மாணவி, பொறாமையால் உந்தப்பட்டு, அந்நூற்பட்டியலை அதிகாரியிடம் கொடுத்துவிடுகின்றாள். விளைவு, ஒருவர்க்கு மரண தண்டனை, ஒருவனுக்குச் சிறை. ஆளற்ற பள்ளியில் அலையும் ரே, தான் செய்ததைச் சிறிது சிறிதாக உணர்கின்றாள்.

இவ்விளையாட்டில் போர்க்கருவி ஏதுமில்லை. பேய்கள் கடக்குமட்டும் மூச்சை அடக்கி நிற்பதே வழி. வாய் திறந்தாற் கேடு என்னும் அக்கால வாழ்வை இவ்வொரு விதியே உணர்த்திவிடுகின்றது. தொல்காப்பியர் 'இறை' எனச் சுட்டிய அச்சக்களத்திற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இத்துறையில் அரிது. இறுதியில் ரேயின் நிழல் வினாக்களைத் தொடுக்கின்றது. குற்றத்தை ஏற்று விடையளித்தால் ஒரு முடிவு. மறுத்தால் வேறொரு முடிவு. நூலைப் படிப்பவன் கதைமாந்தனுக்கு இரங்குவான். இங்கோ ஆடுபவனே விடை சொல்லியாக வேண்டும். இது பிற கலைகளுக்கு எளிதில் வாய்க்காத ஆற்றலாகும்.

குறைகளும் இல்லாமலில்லை. சைலன்ட் ஹில்லின் சண்டைக் காட்சிகள் சில சலிப்பூட்டுவன. டிடென்ஷனின் பிற்பகுதியில் அச்சம் தளர்ந்து, கதைகூறலே மிகுகின்றது. முன்னது வயது வந்தோர்க்கே உரியது. பின்னதும் தற்கொலை, கொடுந்தண்டனை ஆகியவற்றைத் தொடுவதால் சிறார்க்கு ஆகாது. ஆசிரியர் முதலில் தாம் ஆடிப் பார்த்த பின்னரே மூத்த மாணவரோடு உரையாடுதல் நலம்.

மாணவன் எதனைக் கண்டு அஞ்சுகின்றான் என அறியாத ஆசிரியர், அவனுக்கு மெய்ப்பாட்டியலை எங்ஙனம் விளக்குவார்? பேய்க்கு அஞ்சுவது குழந்தையின் அச்சம். தன் ஒரு சொல்லால் பிறர் வாழ்வு அழியுமோ என அஞ்சுவதே அறிவுடையோர் அச்சம். அவ்வச்சத்தைக் கற்பிக்கும் படைப்பு எக்கருவியில் வந்தாலென்ன? அது கற்கத்தக்கதே.