சன்சுயியின் அடிப்பக்கம்

பழைய அம்பிளிபயர் ஒன்றை விலை பேசும்போது முன்பக்கத்தைத் துடைத்து மினுக்கிக் காட்டுகிறவர்களோடு எனக்குப் பெரிதாகக் கதையில்லை. சன்சுயி ஏயூ-717 இன் கறுத்த முகமும் இரண்டு கைபிடிகளும் அழகுதான். நொப்பைத் திருப்பும்போது விரலுக்கு வருகிற அந்தப் பாரமும் தெரிந்ததுதான். அடித்தகட்டைக் கழற்றி, ஈயம் பிடித்த பக்கத்தை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்த பிறகே நான் விலையைப் பற்றி வாய் திறப்பேன்.

தொழிற்சாலையில் பிடித்த ஈயம் எல்லாப் புள்ளியிலும் ஒரே உயரம், ஒரே பளபளப்பு. பிறகு யாராவது கை வைத்திருந்தால் அந்தப் புள்ளி தனியே தெரியும். நல்ல கையென்றால் ஈயம் கம்பிக்காலில் ஏறி, உள்வளைந்து இறங்கி, அப்பத்தின் ஓரம்போல மெலிந்து செம்போடு சேர்ந்துவிடும். சூடு காணாத கையென்றால் உருண்டு, மங்கி, சொரசொரத்து நிற்கும். சூடு கூடினால் அந்தக் காலத்துப் பழுப்புப் போட்டிலிருந்து செப்புத் தகடே உரிந்து எழும்பும். சுற்றிவரப் பச்சை பிடித்திருக்கிறதா? பேஸ்டைத் தடவிவிட்டுத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்சாதனங்களில் காரீயத்தைத் தடுத்த பிறகு வந்த செற்றுகளில் நல்ல ஒட்டுக்கூட மங்கலாகத்தான் இருக்கும். அவற்றையே பார்த்து வளர்ந்த பெடியளுக்கு, 1970களின் செற்றில் மங்கிய புள்ளி ஒரு குற்றம் என்பது கண்ணில் படுவதேயில்லை.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஒரு பழைய செற்றுக்கு வம்சாவளி இருக்கும். தாத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது, மாமா கலியாணத்துக்கு வாங்கித் தந்தது என்பார்கள். வன்னியில் அப்படியொரு கதையோடு வருகிற செற்றை நான் இரண்டு தரம் பார்ப்பேன். 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிய சாமான்கள் ஒவ்வோர் இடப்பெயர்விலும் குறைந்துகொண்டே போயின. முள்ளிவாய்க்கால் வரை அம்பிளிபயரைக் காவிக்கொண்டு போனவர் யார்? இன்று இங்கே கிடைக்கிற பழைய செற்றுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவை. வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பியவை, கொழும்பில் ரீகண்டிஷன் சாமானோடு வந்து இறங்கியவை. கடைசி வகையில் ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்த செற்றை எங்கள் 230 வோல்ட்டில் நேரே குத்தி எரித்தவர்கள் உண்டு. ஆக, பற்றுச்சீட்டும் இல்லை, குடும்பக் கதையும் இல்லை. அந்தச் செற் எந்தக் கைகளைக் கண்டது என்பதற்குச் சாட்சி ஈயம் ஒன்றுதான்.

எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவர் தொண்ணூறுகளில் புதுக்குடியிருப்புப் பக்கம் கொட்டில் ஒன்றில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த ஓர் அண்ணை. பொருளாதாரத் தடைக் காலம். கறண்ட் இல்லை, பட்டரி வராது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட காலம் என்று இன்று எல்லோரும் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். டைனமோ தருவது 6 வோல்ட். நாலு பெரிய பட்டரி போடுகிற செற்றுக்கு அளவான 6 வோல்ட். ஆனால் அது ஏசி. நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் நடுவில் இல்லாவிட்டால் செற் உறுமும், இல்லை செத்துப்போகும். அந்த நாலு டயோட்டை அவர் எங்கிருந்து எடுத்தார், எப்படி ஒட்டினார் என்பதை யாரும் சொல்வதில்லை. பழைய போட்டுகளைத் தணலில் காட்டித் தட்டி, விழுகிற ஈயத்தைச் சிரட்டையில் சேர்ப்பார். செப்புத்தலை ஒட்டுக்கோல் இரண்டு வைத்திருந்தார். ஒன்று அடுப்புக்கரியில் கிடக்கும்போது மற்றது கையில் இருக்கும். கரியில் சூடாகிற கோலுக்குச் சூடு நிற்கிற நேரம் கொஞ்சம்தான். அதற்குள் காலைச் சுரண்டி, சூடுகாட்டி, ஈயத்தை ஓடவிட்டு, ஆறும்வரை கம்பியை அசையாமல் பிடிக்க வேண்டும். இரண்டாம் தரம் தொடுவதற்கு ஈயமும் இல்லை. அவருடைய ஒட்டில் ஒரு துளி கூடுதலாக இருந்து நான் கண்டதில்லை. டைனமோ சுற்றுகிற பெடியன் களைத்துப்போக, கசற்றில் பாடுகிறவரின் குரல் தடித்து இழுபடும். அதற்கு மட்டும் அவரிடம் மருந்திருக்கவில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்தது. லொறி லொறியாகச் சாமான் வந்தது. அவரும் ஜெனரேற்றரில் ஓடுகிற மின்கோலுக்கு மாறினார். எனக்குப் பிடித்தது கரிக்கோல் காலத்து ஒட்டுகள்தான். வவுனியாவில் இருக்கிற என் சிநேகிதர், அது பழம்பாசம், மின்கோலில் சூடு சீராக நிற்பதால் ஒட்டும் சீராகும் என்பார். அவர் சொல்வது பௌதீகம். நான் பேசுவது கையைப் பற்றி. வால்வ் அம்பிளிபயருக்குத்தான் உயிருண்டு என்று சொல்லும் இன்னொரு கூட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை ஒருமுறை சீரான 717 இல் கேட்டுவிட்டு வரட்டும், பிறகு பேசுவோம். வலந்தலையில் கூடு போட்ட விரல்களின் சொல் ஒவ்வொன்றும் பிரிந்து விழ, தொப்பியில் கழியின் அடி மட்டும் நெஞ்சில் வந்து நிற்கும். கும் கும் என்று சுவரை அதிரவைக்கிற இன்றைய பெட்டிகளில் இரண்டும் ஒன்றாகிக் குழைந்துவிடும். கோயில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கரே அதைவிட நேர்மையானது.

பரந்தன் பக்கம் ஒரு வீட்டில் 717 ஒன்றை விற்கப்போகிறோம், வந்து பார்த்துச் சொல்லு தம்பி என்றார்கள். கனடாவிலிருந்து வந்த செற். இடது பக்கச் சத்தம் விட்டுவிட்டு வந்திருக்கிறது. இந்த வகைச் செற்றில் அதற்கு வழக்கமான காரணம் ரிலேயின் அழுக்குத்தான். சுவிச்சைப் போட்டுச் சில நொடி பொறுத்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அந்த ரிலே. ஸ்பிரிட்டில் நனைத்த கடதாசித் துண்டை அதன் பல்லுக்குள் விட்டு இழுத்தால் பாதி வருத்தம் போய்விடும். வீட்டு மருமகன் யூடியூப்பைப் பார்த்து, ரிலேயைத் தாண்டி வயர் ஒன்றை நேரே ஒட்டிவிட்டார். பாட்டு அருமையாக வந்ததாம். வரும். ரிலே இருப்பது பாட்டுக்காக அல்லவே. பிறகொரு நாள் பவர் டிரான்சிஸ்டர் ஒன்று ஷோர்ட் ஆக, மறிக்க ஆளில்லாத டீசீ நேரே ஸ்பீக்கருக்குப் போய்க் கொயிலை எரித்தது. புது டிரான்சிஸ்டரை மைக்காத் தகடு வைக்காமல் பூட்டியதில் அதுவும் போயிற்று.

அடித்தகட்டைக் கழற்றினேன். ரிலேயின் காலடியில் மருமகனின் ஈயம் உருண்டு கிடந்தது, பக்கத்தில் செப்பு எழும்பியிருந்தது. ஆனால் வலது பக்கத்தில், யாரோ எந்தக் காலத்திலோ மாற்றிய இரண்டு கப்பாசிற்றர்களின் கால்களில் இருந்த ஒட்டைப் பார்த்து அங்கேயே குந்திவிட்டேன். ரொறன்ரோவில் எங்கோ ஒரு மேசையில் நல்ல கையொன்று இருந்திருக்கிறது.

“வயரைக் கழட்டி, துடைச்சு வைச்சால் விலை கூடுமோ தம்பி?” என்று கேட்டார் வீட்டுக்கார அண்ணை. “கழட்டாதேங்கோ அண்ணை” என்றேன். பழுதைவிட, பழுதை மறைத்த தடம்தான் விலையை இறக்கும். வாங்குகிறவன் விஷயம் தெரிந்தவனென்றால், வயர் எங்கே ஓடுகிறதென்று பார்த்தே எது போயிருக்கும், எது தப்பியிருக்கும் என்று கணக்குப் போட்டுவிடுவான். எரிந்த டிரான்சிஸ்டர்களையும் கடதாசியில் சுற்றி உள்ளே வையுங்கள் என்றேன். எந்த நம்பரைத் தேடுவதென்று அதைப் பார்த்துத்தான் தெரியும். இப்போது சந்தையில் அசல் என்று தருகிற டிரான்சிஸ்டரில் பாதி போலி. கடைக்காரர் போட்டையே மாற்றுவார். ஒட்டுகிற வேலையை யாரும் பழகுவதில்லை. சன்சுயி 1947இல் டிரான்ஸ்போமர் செய்கிற கம்பனியாகத் தொடங்கியது. 717 இல் இடத்துக்கொன்று, வலத்துக்கொன்று என்று இரண்டு டிரான்ஸ்போமர் இருக்கிறது, இரண்டும் நல்ல நிலையில் இருக்கிறது, அதை எடுத்துச் சொல்லி விலை கேளுங்கள் என்றும் சொன்னேன்.

என் வவுனியாச் சிநேகிதர் ஒரு விலை சொன்னார். கிளிநொச்சியிலிருந்து வந்த பெடியன் அதைவிடக் கூடச் சொன்னான். அவனுக்கு முகமும் நொப்பும் போதுமாம். உள்ளே புளூடூத் போட் பூட்டப்போகிறானாம். அண்ணை அவனுக்கே கொடுத்துவிட்டார், அவருக்கும் காசு தேவை. நான் அவனிடம் கழற்றுகிற போட்டைக் கேட்டேன், தருவதாகச் சொல்லியிருக்கிறான். டிரான்ஸ்போமர் இரண்டையும் தரமாட்டானாம். செம்புக்கு இப்போது நல்ல விலையாம். எடுத்துச் சொல்லச் சொன்னது நான்தானே, அண்ணை அவனிடமும் சொல்லியிருக்கிறார்.